பொதுத் திருப்பலி இல்லாத நாள்களில் ஒரு பங்கு எப்படி வாழ்வது?

கேள்வி இதுதான்: "பொதுத் திருப்பலி நிறுத்தப்பட்டுவிட்டது. பங்குச் சாமியார் தனியாகப் பூசை வைக்கிறார், நாங்கள் வீட்டில் அலைபேசியில் பார்க்கிறோம். இது செல்லுமா? ஞாயிறு கடனைத் தவறவிட்ட பாவம் வருமா? பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியவர்கள், பிறந்த குழந்தைகள், சாகக் கிடப்பவர்கள் எல்லாம் என்ன செய்வது? கோவிலுக்கே போக முடியாதபோது 'எங்கள் பங்கு' என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?"

கடைசிக் கேள்விதான் பெரியது. ஆனால் முந்தைய கேள்விகள் பலரின் மனதை அரித்துக்கொண்டிருப்பவை என்பதால் அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

பாவம் இல்லை. இதில் தயக்கமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று சொல்வது 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247ஆம் எண். அதற்கு அடுத்த எண்ணிலேயே, குருவானவர் இல்லாததாலோ வேறு பெருங்காரணத்தாலோ பங்கேற்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. இறைவார்த்தை வழிபாடு நடந்தால் அதில் கலந்துகொள்ளலாம், இல்லையென்றால் தனியாகவோ குடும்பமாகவோ சில குடும்பங்கள் சேர்ந்தோ போதிய நேரம் செபத்தில் செலவிடலாம் என்று அது பரிந்துரைக்கிறது. ஆயர் தம் மறைமாவட்டத்துக்குத் தளர்வு கொடுத்துவிட்டால் அந்த நாள்களில் கடனே கிடையாது. கொடுக்காவிட்டாலும், முடியாத ஒன்றுக்கு யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்ற கடமைக்கும் இதே நியாயம்தான்: தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆண்டின் வேறு நாளில் நிறைவேற்றலாம் என்று 920ஆம் எண்ணே சொல்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசைக்குப் போக முடியாதவருக்குச் சட்டம் காட்டும் வழி செபம். தொலைக்காட்சியோ அலைபேசியோ அதில் வரவே இல்லை. திரையில் பூசை பார்க்காமல், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்த ஞாயிறின் நற்செய்தியை வாசித்து மன்றாடிய குடும்பம், திருச்சபை கேட்டதை அப்படியே செய்த குடும்பம்.

சாமியார் தனியாக வைக்கும் பூசை செல்லும். மக்கள் யாரும் வர முடியாவிட்டாலும் திருப்பலி கிறிஸ்துவும் திருச்சபையும் செய்யும் செயல் என்று 904ஆம் எண் சொல்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒருவர்கூட இல்லாத பூசை வைக்கக் கூடாது என்பது 906. நோய்ப் பரவலைப் போன்ற ஆபத்து அந்த நியாயமான காரணம். பதில் சொல்ல ஒருவரும் இல்லாத பூசையில் வாழ்த்துரைகளையும் இறுதி ஆசீரையும் விட்டுவிட வேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்ல எதிரே ஆள் வேண்டுமே. ஆண்டுக்கணக்காக நிறைந்த கோவிலைப் பார்த்துச் சொல்லிப் பழகிய குருவானவர் ஒருவர் அந்த வரி வரும் இடத்தில் பேசாமல் அடுத்த செபத்துக்குப் போவது எவ்வளவு கனமானது என்று நினைத்துப் பாருங்கள். மக்களுக்குப் பூசை இல்லாமல் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். குருவானவருக்கு மக்கள் இல்லாமல் போனதையும் கொஞ்சம் பேச வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் பங்குத்தந்தை தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தே ஆக வேண்டும் (534ஆம் எண்). யாரும் எழுதிக் கொடுக்காத, யாரும் காணிக்கை வைக்காத கருத்து அது. பொதுத் திருப்பலி நின்றாலும் இந்தக் கடமை நிற்பதில்லை. அதனால் நீங்கள் வீட்டில் இருந்த ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் பெயரில் ஒரு பூசை நடந்திருக்கிறது.

சரி, திரையில் வரும் பூசை? பார்க்கலாம், நல்லதுதான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும் எத்தனையோ ஆண்டுகளாகத் துணையாக இருந்திருக்கின்றன. ஆனால் அதைப் பங்கேற்பு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 2002இல் வத்திக்கானின் சமூகத் தொடர்பு அவை இணையம் பற்றி வெளியிட்ட ஆவணம், இணையத்தில் அருள்சாதனங்கள் கிடையாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. 2020இல் புனித வாரத்துக்கான விதிமுறைகளைத் தந்தபோது, நேரலையாக ஒளிபரப்புங்கள், முன்கூட்டிப் பதிவு செய்து போடாதீர்கள் என்று வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் கேட்டுக்கொண்டது. அதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே அவர் அப்பத்தைக் கையில் எடுக்கும் அதே நிமிடத்தில் நான் இங்கே முழந்தாளிட முடியும். பதிவில் அது முடியாது.

என் கருத்தில், எங்கோ பெரிய பேராலயத்திலிருந்து வரும் அழகான பூசையைவிட உங்கள் பங்குக் கோவிலிலிருந்து ஆடி ஆடி வரும் பூசையே மேல். அங்கே உங்களுக்குத் தெரிந்த பீடம், தெரிந்த குரல், மன்றாட்டில் உங்களுக்குத் தெரிந்த பெயர். நல்ல மறையுரை எங்கே கிடைக்கும் என்று தேடித் தாவிக்கொண்டிருந்தால் ஞாயிறு ஒரு நிகழ்ச்சியாகிவிடும். பார்ப்பது என்று முடிவு செய்தால் குளித்து, உடுத்தி, எழ வேண்டிய இடத்தில் எழுந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பதில்களைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

நற்கருணை நேரத்தில் ஆன்மீக நற்கருணை, அதாவது அப்பத்தை வாங்க முடியாதபோது ஆண்டவரை உள்ளத்தில் வரவேற்கும் செபம். இது கொரோனா காலத்தில் கண்டுபிடித்த சமாளிப்பு இல்லை. 1551இல் திரெந்து பொதுச்சங்கமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. அதற்கு முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். இன்று பெரும்பாலோர் சொல்லும் செபம் 18ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி எழுதியது. அதன் உயிர் ஒரே வரியில் இருக்கிறது: இப்போது உம்மை அருள்சாதன முறையில் பெற முடியாததால், ஆன்மீக முறையிலாவது என் உள்ளத்தில் வாரும். அந்த "முடியாததால்" என்ற ஏக்கம் உண்மையாக இருக்க வேண்டும். பசி இருந்தால்தான் அது செபம்.

இனி பாவசங்கீர்த்தனம். தொலைபேசியில் செய்தால் செல்லாது. காணொலி அழைப்பிலும் செல்லாது. குருவும் பாவியும் நேரில் இருக்க வேண்டும். இடைவெளி விட்டு, திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியேயும் கேட்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் பொதுத் திருப்பலி நின்றது என்றதும் ஒப்புரவும் நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கேட்பவர் இல்லாததால்தான் பல இடங்களில் நேரம் ஒதுக்கப்படாமல் போகிறது.

அதுவும் முடியவே இல்லை என்றால்? பழைய மறைக்கல்வியில் மனப்பாடமாகச் சொன்ன உத்தம மனஸ்தாப மந்திரம் ஞாபகம் இருக்கிறதா? அது இதற்குத்தான். நரகத்துக்குப் பயந்து இல்லாமல், கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு செய்வதாலேயே வருகிற துக்கம்தான் உத்தம மனஸ்தாபம். முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு அது இருந்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1452ஆம் எண்ணில் போதிக்கிறது. 2020 மார்ச் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தமது காலைத் திருப்பலியில் இதைத்தான் நினைவுபடுத்தினார்: குருவானவர் கிடைக்காவிட்டால் உன் தந்தையாகிய கடவுளிடமே பேசு, உண்மையைச் சொல், மன்னிப்புக் கேள், பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன் என்று உறுதி எடு. அதே நாளில் வத்திக்கானின் பாவமன்னிப்புச் சலுகை நீதிமன்றமும் இதை எழுத்தில் தந்தது. நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைப் பிரிவின் வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்து, குருவானவர் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாவமன்னிப்புக் கொடுக்க வேண்டிய நிலையும் வரலாம், அதை ஆயர் தீர்மானிக்கட்டும் என்றும் அதில் சொல்லியிருந்தது.

சாகும் நிலையில் இருப்பவர்களை வைத்திருக்கும் குடும்பங்கள்தான் மிகவும் பதறுகின்றன. அவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், கூப்பிடத் தயங்காதீர்கள் என்பது. நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் அருள்சாதனம், பொது வழிபாடு இல்லை, அதை யாரும் பொதுவாகத் தடை செய்வதில்லை. தேவைப்பட்டால் மிகச் சுருக்கமாகவும் செய்யலாம். நெற்றியில் ஒரே ஒரு பூசுதல், முழு வாய்பாடு, அவ்வளவே போதும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1000ஆம் எண் சொல்கிறது. குருவானவர் தம் கையாலேயே பூச வேண்டும் என்பது விதி. பெருங்காரணம் இருந்தால் ஒரு கருவியைப் பயன்படுத்தலாம் என்றும் அதே எண் அனுமதிக்கிறது. நடைமுறையில் ஒரு பஞ்சுத் துண்டை எண்ணெயில் தோய்த்து நெற்றியில் தொட்டு, பிறகு அதை எரித்துவிடுவார்கள். தொற்று வார்டில் கையுறை போட்டு இப்படிச் செய்தபோது, "இது செல்லுமா சாமி?" என்று உறவினர்கள் கேட்டிருக்கிறார்கள். செல்லும்.

குருவானவர் வந்து சேரவே முடியாமல் போனாலும் அந்த நோயாளி கைவிடப்பட்டவர் இல்லை. வாழ்நாளில் ஏதாவது செபம் சொல்லி வந்த ஒருவர், தகுந்த மனநிலையோடு இறக்கும் தறுவாயில் இருந்தால், பரிபூரண பலனுக்கு (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகைக்கு) வழக்கமாகக் கேட்கும் நிபந்தனைகளைத் திருச்சபையே ஈடு செய்கிறது. பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, பயன்படுத்தப் பரிந்துரைக்கிறது அதே நீதிமன்றத்தின் 2020 ஆணை. ஆகவே வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சுரூபத்தை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடலாம். உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் காதருகே மெதுவாக, அவர் சேர்ந்து சொல்ல நேரம் விட்டுச் சொல்லலாம். மருத்துவமனைக்குள் போக முடியாவிட்டால் செவிலியரிடம் கெஞ்சி அலைபேசியைக் காதில் வைக்கச் சொல்லி அதையே செய்யலாம். பாவமன்னிப்பு அலைபேசியில் வராது. செபம் தாராளமாக வரும்.

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை நலமாக இருந்தால் காத்திருங்கள்; கோவில் மூடியிருக்கிறது என்பதற்காக வீட்டில் கொடுத்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சுத்தமான தண்ணீரைத் தலையில் மூன்று முறை ஊற்றி, குழந்தையின் பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 ஆகஸ்டில் அறிவித்தது. பிறகு உடனே பங்குத்தந்தைக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். விட்டுப்போன சடங்குகளைக் கோவில் திறந்ததும் நிறைவு செய்யலாம்.

இனி அந்தப் பெரிய கேள்வி. பூசை இல்லாத பங்கில் என்ன மிச்சம் இருக்கிறது?

இதற்கு வரலாற்றில் யாரும் விரும்பிக் கேட்காத ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. அங்கே மிஞ்சியிருந்த கடைசிக் குருவானவர் மான்சியோ கொனிஷி 1644இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு பூசை இல்லை, நற்கருணை இல்லை, ஒப்புரவு இல்லை, ஒரு கோவிலும் இல்லை. 1865இல் நாகசாகியில் வெளிநாட்டினருக்காக ஓர் ஆலயம் கட்டப்பட்டது. அது திறந்து ஒரு மாதத்துக்குள், மார்ச் 17 அன்று, உராக்காமி ஊரிலிருந்து வந்த எளிய மனிதர்கள் சிலர் பிரெஞ்சு மறைப்பணியாளர் பெர்னார் பெத்திஜானை நெருங்கி, எங்கள் உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றுதான் என்றார்கள். சாந்தா மரியாவின், அதாவது அன்னை மரியாவின், சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அப்புறம் அவர்கள் கேட்டதுதான் என்னை எப்போதும் அசைத்துவிடும்: இப்போது துயரக் காலம் நடக்கிறது, நீங்களும் அதைக் கடைப்பிடிக்கிறீர்களா? ஆம், இன்று 17ஆம் நாள் என்றார் பெத்திஜான். அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 1. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருவானவர்கூட இல்லாமல் இருந்தவர்கள் தவக்காலத்தைத் தவறவிடவில்லை!

எப்படி முடிந்தது? ஊருக்குள் பொறுப்புகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் நாட்காட்டியைக் காப்பவர்: எந்த நாள் எந்தத் திருநாள் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. ஒருவர் தண்ணீர் ஊற்றுபவர்: குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். ஒருவர் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்பவர். உத்தம மனஸ்தாபம் பற்றிய ஒரு சிறு கையேடும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அது கைமாறிக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் பறித்த பிறகும் ஒரு பங்கை நிற்க வைத்தவை இவைதான். இன்று சில வாரங்களோ சில மாதங்களோ பூசை இல்லாமல் இருக்கும் ஒரு பங்கும் இந்த வேலைகளை யார் பார்ப்பது என்றுதான் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நேரலைக்கு எந்தக் கேமரா வாங்குவது என்பது அதற்குப் பிறகு வரட்டும்.

நாட்காட்டி என்றால் இன்று என்ன? வீட்டில் எல்லா நாளும் ஒரே நாளாகிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஞாயிறு ஞாயிறாக இருக்க வேண்டும், வெள்ளி வெள்ளியாக. பங்குப் பேரவையில் ஒருவர் வாரந்தோறும் வரும் ஞாயிறின் வாசகங்கள், ஒரு திருப்பாடல், விசுவாசிகள் மன்றாட்டுக்குச் சில கருத்துகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தொகுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம். அலைபேசி இல்லாத வீட்டுக்குத் தாளில் போக வேண்டும். கோவில் மணி வழக்கமான நேரத்தில் அடிக்க வேண்டும், மக்கள் வராவிட்டாலும். 1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்து மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்கள் அமைத்துப் பூசை நடக்கச் செய்தார். மக்கள் சன்னல்களிலும் வாசல்களிலும் நின்று பங்கேற்றார்கள். பகலிலும் இரவிலும் குறித்த நேரங்களில் மணி அடிக்கும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செபமும் பாட்டும் எழும். மணி என்பது நாட்காட்டியின் குரல்.

வீட்டில் நடக்கும் ஞாயிறு வழிபாடு பெரிய காரியம் இல்லை. மேசையில் ஒரு துணி, ஒரு சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி, திறந்த விவிலியம். முதல் வாசகத்தைச் சின்னவன் திக்கித் திணறி வாசிக்கட்டும். திருப்பாடலை எல்லோரும் சொல்லட்டும். நற்செய்தியை அம்மாவோ அப்பாவோ வாசித்துவிட்டு, மறையுரை கொடுக்க முயலாமல், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும். அந்த மௌனத்தில் பிள்ளைகள் நெளிவார்கள், பரவாயில்லை. பிறகு ஒவ்வொருவரும் ஓர் ஆளின் பெயரைச் சொல்லி மன்றாடட்டும். ஆண்டவர் கற்பித்த செபம், ஆன்மீக நற்கருணை, கடைசியில் எல்லோரும் தங்கள்மேல் சிலுவை அடையாளம். குருவானவர் சொல்லும் வாழ்த்தும் ஆசீரும் மட்டும் நம்முடையவை இல்லை. மற்றதெல்லாம் நாம் செய்யலாம். குடும்பத்தைக் குட்டித் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. பல வீடுகள் அதை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்ததே கோவில் பூட்டியிருந்த மாதங்களில்தான்.

வாரநாள்களில் திருப்புகழ்மாலையின் (நாளின் குறித்த நேரங்களில் சொல்லும் திருச்சபையின் செபத்தின்) காலைச் செபமோ மாலைச் செபமோ சேர்த்துக்கொள்ளுங்கள். அது குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமானது என்ற எண்ணம் தவறு. பொதுநிலையினரும் சொல்ல வேண்டும் என்று சங்கமே ஊக்குவித்திருக்கிறது.

செய்தி சொல்பவரின் வேலைதான் எல்லாவற்றிலும் கடினம், பல பங்குகள் கோட்டை விடுவதும் இதில்தான். குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டால் எல்லோருக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். குழுவில் இல்லாதவர் யார்? தனியாக இருக்கும் மூதாட்டி, புதிதாகக் குடிவந்த குடும்பம், எப்போதும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் போகிற மனிதர். பங்கின் குடும்பப் பதிவேட்டைத் திறந்து, ஒருவருக்குப் பத்து வீடு என்று பிரித்து, வாரம் ஒருமுறை குரலோடு பேச வேண்டும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று முடிந்துவிடும். அப்புறம் மருந்து இருக்கிறதா, யார் வாங்கித் தருகிறார்கள், யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று கேட்டால் பேச்சு திறக்கும். தினமும் காலைப் பூசைக்கு வந்துகொண்டிருந்த முதியவர்கள் பலருக்கு அன்றைக்கு வேறு மனிதரோடு பேசிய ஒரே நேரமே கோவில் முற்றம்தான். பூசையோடு அதுவும் போயிற்று. நற்கருணையை அவர்களிடம் கொண்டு போக முடியாத நாளிலும் ஒரு குரலைக் கொண்டு போகலாம்.

குருவானவரையும் அந்தப் பத்து வீட்டில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டாரா, உடம்பு எப்படி, யாரோடு பேசுகிறார் என்று கேட்க ஒருவர் வேண்டும்.

கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுத் திருப்பலியை நிறுத்துவதும் கோவிலைப் பூட்டுவதும் வேறு வேறு. நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் கோவில் பெருங்காரணம் இல்லாவிட்டால் தினமும் சில மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும் என்பது 937ஆம் எண். அரசு விதி இடம் கொடுத்தால், ஒவ்வொருவராக வந்து நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டுப் போக ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். வாசலில் நிற்கவும் இருக்கைகளைத் துடைக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்களே போங்கள். மெக்சிகோவில் அரசின் ஒடுக்குமுறைச் சட்டங்களை எதிர்த்து ஆயர்களே 1926 ஜூலை 31 முதல் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் அது நீடித்தது. அப்போதும் மக்கள் கோவில்களுக்குள் போய், குரு இல்லாத பீடத்தின் முன் செபமாலை சொன்னார்கள். தலைமறைவாக இருந்த இயேசு சபைக் குரு மிகுவேல் புரோ, தலைநகரில் சில வீடுகளை நற்கருணை நிலையங்களாக வைத்துக்கொண்டு, மாறுவேடத்தில் போய் மக்களுக்கு நற்கருணை கொடுத்தார். 1927 நவம்பர் 23 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நிலையங்களுக்குத் தங்கள் கதவைத் திறந்து வைத்த குடும்பங்களும் அதே ஆபத்தைத்தான் ஏற்றார்கள்.

அடக்கம் பற்றியும் கேட்கிறார்கள். சிலரே கல்லறைக்குப் போக முடியும் என்ற நிலையில், அடக்கத் திருப்பலி இல்லாமல் போனால் அது அரைகுறை அடக்கம் ஆகிவிடாது. கல்லறையருகே நடக்கும் செபமும் திருச்சபையின் முழு வழிபாடுதான். அதே மணிக்கு மற்ற உறவினர்கள் அவரவர் வீட்டில் அதே செபத்தைச் சொல்லலாம். பிறகு நினைவுத் திருப்பலிக்கு நாள் குறித்துப் பங்கு அலுவலகத்தில் பெயரை எழுதி வையுங்கள். துக்கம் பகிரப்படாமல் தங்கிவிட்டால் பிற்பாடு அது வேறு விதமாகக் கனக்கும். அதனால் அந்த நினைவுத் திருப்பலியைத் தள்ளிப்போட்டு மறந்துவிடக் கூடாது.

பணம்: காணிக்கைத் தட்டு சுற்றாததால் கோயில்பிள்ளையின் சம்பளமும் ஏழைகளுக்கான உதவியும் நின்றுவிடக் கூடாது. ஞாயிறுதோறும் போடும் தொகையை வீட்டில் ஒரு உறையில் எடுத்து வைத்துவிட்டு மாதம் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். வேலை இழந்தவர்கள் கொடுக்க வேண்டாம், அவர்கள் கேட்க வேண்டும். கூச்சமில்லாமல் கேட்க ஒரு வழி செய்து வைப்பது நிதிக்குழுவின் பொறுப்பு.

ஓர் அச்சத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 17 அன்று, தம் காலைத் திருப்பலி உலகெங்கும் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தபோதே, திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்தார். கடவுளோடு நெருக்கம் இருந்தும் சமூகம் இல்லை, அப்பம் இல்லை, அருள்சாதனம் இல்லை என்றால் அது ஆபத்து. இது கடினமான சூழலில் இருக்கும் திருச்சபை, திருச்சபையின் இயல்பு நிலை இது இல்லை என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய வழிபாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் ராபர்ட் சாரா ஆயர் பேரவைத் தலைவர்களுக்கு எழுதிய கடிதமும், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்றது. ஜப்பானிலும் மறைந்து வாழ்ந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. தடை நீங்கிய பிறகும் ஒரு பகுதியினர், முன்னோர் மறைவில் வளர்த்த வடிவமே போதும் என்று அதிலேயே தங்கிவிட்டார்கள். எத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய ஒன்றாக இருந்தாலும், அதுவே இயல்பாகிவிடும் ஆபத்து உண்டு. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் பூசைக்கு அந்தப் பாடும் தேவையில்லை, அதனால் இன்னும் சீக்கிரம் பழகிவிடும்.

அதனால் திரும்பி வருவதற்கான ஏற்பாட்டை, நின்றிருக்கும் காலத்திலேயே தொடங்குங்கள். பிள்ளைகளிடம் கோவிலுக்குப் போகும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள். முதல் நற்கருணைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஆசிரியர் வாரம் ஒரு கேள்வியாவது அனுப்பட்டும். வீட்டில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள், உத்தம மனஸ்தாபத்தோடு காத்திருப்பவர்கள், நினைவுத் திருப்பலி வைக்க வேண்டிய குடும்பங்கள் என்று அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். திறந்ததும் முதல் வாரத்திலேயே ஒப்புரவுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கேளுங்கள், கூட்டம் வரும். முதல் ஞாயிறு முடிந்ததும் அந்தப் பத்து வீட்டுப் பட்டியலை மறுபடி எடுத்து, வராதவர்கள் யார் என்று பார்த்து, இந்தமுறை தொலைபேசியை வைத்துவிட்டு நேரில் போங்கள். சிலர் நோயால் இன்னும் வர முடியாதவர்களாக இருப்பார்கள். அவர்கள் பெயரை அன்றைக்கே பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட்டால், நற்கருணை அவர்கள் வீட்டுக்குப் போகும்.